பாவாவின் நாய்களுக்கு நான் அறுத்த கறி

எனக்கு நாய்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. திருத்தணியில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னமும் என்னை நாய்ப்பிரியன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம், தினமும் காலையில், பாவாவின், அதாவது என் அக்கா புருஷனின், இரண்டு பொமரேனியன் நாய்களுக்குப் பச்சைக் கறி அறுத்துக் கலந்து வைத்தவன் நான். பிடித்துச் செய்யவில்லை. அந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டார்கள். அதனால் செய்தேன்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அக்கா விவரம் தெரிந்த நாளாய்க் கழனிக்குப் போனவள். தொண்ணூறுகளின் கடைசியில் விலங்கியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, சென்னைக்குப் போய்ப் பரீட்சைகள் எழுத ரயில் வசதி என்று, திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அக்கா வீட்டில் வந்து தங்கினேன். பாவா கரும்பு ஏற்றும் டிராக்டர் இரண்டு வைத்திருந்தார். அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படிச்சவன் என்பார். "படிச்சவன் எழுந்தாச்சா?" "படிச்சவன் துன்னாச்சா?" செருப்பில் ஒட்டிய சாணியைக் கல்லில் தேய்ப்பது மாதிரி அந்த வார்த்தையைச் சொல்வார்.

நாய்களை அவர் சென்னையிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளையில் ஒரு பெட்டை, பழுப்பில் ஒரு ஆண். யாரோ ஒரு கான்டிராக்டர் வீட்டில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டாராம். முதல் ஆறு மாசம் அவற்றுக்குப் பால், பன், வீட்டுக்கு யார் கொண்டுவந்தாலும் மலைக்கோயில் சர்க்கரைப் பொங்கல். ஆறாம் மாசத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. முதுகில் தோல் சிவந்து புண்ணாகி, ராத்திரி பகல் இல்லாமல் சொறிந்துகொண்டு கிடந்தன. பாவா கூடையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு, நாய் டாக்டரிடம் போனார். திரும்பி வரும்போது கையில் நாலைந்து இங்கிலீஷ் தாள்கள், மூலையில் பின் அடித்தது.

"இந்தா படிச்சவன், இதுல இன்னா போட்டுகிறான்னு சொல்லு."

நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் படிப்பை அந்த வீட்டில் யாரும் எதற்கும் கேட்டதில்லை. சின்ன ஜாதி நாய்களுக்குப் பாலும் மாவும் ஆகாது, இனிப்பு கூடவே கூடாது, பச்சைக் கறி, ஈரல், மெல்லக்கூடிய எலும்பு, துருவிய காய்கறி, இதையெல்லாம் உடம்பு எடைக்குத் தக்கபடி வீட்டிலேயே கலந்து கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வகுப்பில் ஒப்பிப்பது போல் எழுந்து நின்று சொன்னேன்.

"பச்சையாவா? வேவ வைக்காமயா?" அக்கா வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"டாக்டர் சொன்னா சொன்னதுதான்" என்றார் பாவா. "ஆனா உங்கக்கா அதைத் தொடமாட்டா. யாரு படிச்சாங்களோ அவங்களே செய்யட்டும்."

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எடை தெரிய வேண்டுமே. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் காசு போட்டால் எடையும் பலனும் அச்சடித்த அட்டை விழும் மிஷின் இருந்தது. ஒரு நாள் காலை, சென்னை வண்டிக்குக் கூட்டம் நின்றுகொண்டிருந்த நேரத்தில், முதலில் நான் மட்டும் ஏறினேன். அப்புறம் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அப்புறம் பழுப்பை. பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மாள் கேட்டாள்:

"இன்னா நைனா, நாய்க்கு ஜாதகம் பாக்குறியா?"

"பொண்ணு பாக்கப் போறான் போலக்கீது" என்றார் பக்கத்தில் இருந்தவர். "நாய்க்கில்ல, அவனுக்கு."

பிளாட்பாரமே சிரித்தது. வெள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது விழுந்த அட்டையில், உங்கள் உழைப்பு விரைவில் பலன் தரும் என்று இருந்தது. கழித்துப் பார்த்தால் வெள்ளைக்கு மூன்றரைக் கிலோ. அந்த மூன்றரைக் கிலோவுக்காகத்தான் என் பட்டப்படிப்பு.

காலையில் பாய் கடைக்குப் போவேன். ஆட்டு ஈரல் கொஞ்சம், சுவரொட்டி கொஞ்சம். சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். கருத்து வழவழவென்று இருக்கும், சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும். கோழிக் கழுத்து ஆறு. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பலகை, ஒரு கத்தி. அக்காவின் அரிவாள்மனையைத் தொடக் கூடாது. ஈரலை விரல் நகமளவு நறுக்கி, சுவரொட்டியைக் கீறி உள்ளே இருப்பதைக் கத்தியின் முதுகால் வழித்து, கழுத்து எலும்பைக் கல்லில் வைத்துக் குழவியால் தட்டி, கேரட்டும் பூசணியும் துருவிப் போட்டு, கையால் பிசைய வேண்டும். தட்டில் வைத்ததும் இரண்டும் என்னைப் பார்த்து உறுமும். நான்தான் வைத்தேன் என்ற நன்றியெல்லாம் கிடையாது. பழுப்பு என் கட்டைவிரலை இரண்டு தடவை கடித்திருக்கிறது. வெள்ளைக்கு இன்னொரு கெட்ட பழக்கம். தின்பது பாதி, ஒளித்துவைப்பது பாதி. ஒரு தடவை பாவாவின் செருப்புக்குள் ஒரு கோழிக் கழுத்து இருந்தது. அவர் காலை விட்ட பிறகுதான் தெரிந்தது.

"உன் தம்பி எனக்கு விருந்து வச்சிருக்கான் பாரு" என்று அக்காவிடம் கத்தினார்.

முதல் கோடையில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். ஐஸ் பெட்டியில் வைத்த கறியை அறை வெப்பத்துக்கு வரும்வரை வெளியே வைத்துப் பிறகு கொடுக்கவும் என்று தாளில் இருந்தது. நான் அப்படியே செய்தேன். கத்தரி வெயிலில், மொட்டை மாடி கொதிக்கிற வீட்டில், மணி பார்த்து இரண்டு மணி நேரம் வைத்தேன். அந்தத் தாளை எழுதியவனின் அறை வேறு, எங்கள் அறை வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. அச்சில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்களைப் போல முதல் தலைமுறையில் படித்தவர்களுக்கு வரும் வியாதி. இரண்டு நாய்களும் பாவாவின் சலவை வேட்டியின் மேல் வாந்தி எடுத்தன.

"கறி நாத்தம் அடிக்குதுன்னு எங்கம்மாவுக்குத் தெரியும், எழுத்துன்னா இன்னான்னே தெரியாது அவளுக்கு" என்றார் பாவா. "உனக்கு மூக்கு இருக்கிற எடத்துல அகராதி வச்சிகிறான் ஆண்டவன்."

வேட்டியை நானே துவைத்துப் போட்டேன். ஆனாலும், தாளைக் குறை சொல்ல முடியாத அளவுக்கு, மூன்று மாசத்தில் புண் ஆறி, புது முடி மல்லிகைப்பூ மாதிரி வந்தது. அது வந்ததுதான் வினை.

ஊரில் தனியார் பள்ளிக்கூடம் நடத்துகிற பெரிய மனுஷர் ஒருவர், கரும்பு விஷயமாக வீட்டுக்கு வந்தவர், வெள்ளையைப் பார்த்துவிட்டார். மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை.

"இது குட்டி போட்டா எனக்கு ஒண்ணு வேணும். வெள்ளையா, ஆணா. வேற கலர் வேணாம்."

"ஆங், அதுக்கென்னங்க, உங்களுக்கு இல்லாததா" என்றார் பாவா. உடனே என் பக்கம் திரும்பினார். "இவன் என் மச்சான். சயின்ஸ் படிச்சிட்டு சும்மா சுத்திகினு இருக்கான். உங்க ஸ்கூல்ல எதுனா பார்த்து..."

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். "சயின்ஸ் வாத்தியார் ஒருத்தர் போறேன்னு சொல்லிகினுதான் இருக்காரு. குட்டி வரட்டும், பார்க்கலாம்."

என் சான்றிதழ்களை அவர் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு பரீட்சைகளில் மயிரிழையில் கோட்டைவிட்டவன் நான். வேறு வழியும் தெரியவில்லை. அன்றிலிருந்து என் வேலை வெள்ளையின் வயிற்றில் இருந்தது.

அடுத்த வருஷம் வெள்ளை சினையானது. தாளில் கர்ப்பத்துக்குத் தனியாக ஒரு பக்கம் இருந்தது. அதை மனப்பாடம் செய்தேன். ஈரல் அளவு, எலும்பு அளவு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது. எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் படித்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆடி மாசத்தில் பிரசவம்.

ஆடிக் கிருத்திகைக்கு ஏழு நாள் முன்னால் பாவா மாலை போட்டுக்கொண்டார். பூக்காவடி எடுக்கிறாராம். வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கறிச் சட்டிகளைத் தேய்த்து மொட்டை மாடியில் கவிழ்த்தார்கள். நான் பின்பக்கம் போனால் என் பலகையும் கத்தியும் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. நாய்களின் அலுமினியத் தட்டுகளும் மாடியில், சட்டிகளோடு சட்டியாக, கவிழ்ந்து கிடந்தன.

"நாய் தட்டு எதுக்குக்கா மேல கீது?"

"வீட்டுல மாலை போட்டா வீட்டுல இருக்கிற எல்லாருக்கும்தான்டா விரதம்" என்றாள் அக்கா. "அதுங்களுக்குத் தயிர்சாதம்."

பாவாவிடம் போனேன். மஞ்சள் வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"அது இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடும். ரெண்டு வருஷமா கறி துன்னு பழகினது, தயிர்சாதம் தொடாது. பால் ஊறாது."

"ஏழு நாள்தான். முருகன் பாத்துக்குவான்."

"நாய் இன்னா காவடியா தூக்கப் போவுது?"

அவர் எழுந்துவிட்டார். "யாருக்குடா தூக்கறேன் நான்? எனக்கா? என் டிராக்டருக்கா? மூணு வருஷமா துன்னுட்டு துன்னுட்டுப் படுக்கிறியே, உனக்கு ஒரு வேலை கிடைக்கணும்னுதான்டா வேண்டிகினேன்! உங்கக்கா அழுது அழுது கேட்டா. அதுக்குத்தான் மாலை. நீ எனக்கு நாய் சாஸ்திரம் சொல்றியா?"

அந்தக் காவடி எனக்காக என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் வேலை குட்டிகளிடம் இருக்கிறது, குட்டிகளின் உயிர் பாலில் இருக்கிறது, பால் கறியில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு எனக்காக வேண்டிக்கொள்கிறார்!

மறுநாள் மத்தியானம் வெள்ளை மூன்று குட்டி போட்டது. இரண்டு பழுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளைதான் ஆண். அக்கா வாழையிலையில் தயிர்சாதம் வைத்தாள். வெள்ளை அதை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குட்டிகள் காம்பைச் சப்பிச் சப்பி விட்டுவிட்டு, கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தன. வெள்ளைக் குட்டியைத் தூக்கினால் கையில் கனமே இல்லை.

பாய் கடைக்குப் போனேன்.

"குடுக்க மாட்டேன் தம்பி. உங்க பாவா மாலை போட்டுகினு இருக்காரு, ஊருக்கே தெரியும். நாளைக்கு அவரு வந்து, உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு பாய்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

ரயில் ஏறி அரக்கோணம் போனேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. சுவரொட்டியும் கோழிக் கழுத்தும் வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே பரீட்சைப் புத்தகத்தை வைத்துக் கொண்டுவந்தேன். வெள்ளையைத் துணிப்பையில் போட்டு நந்தி ஆற்றுப் பக்கம் தூக்கிப் போய், வறண்ட மணலில் வைத்துக் கொடுத்தேன். அது தின்ற வேகத்தைப் பார்த்தபோது எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. வாயைக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று நாள் இப்படி. பால் ஊறியது. வெள்ளைக் குட்டியின் வயிறு உருண்டது. "பார்த்தியா, முருகன் பாத்துகினான்" என்றார் பாவா. நான் அரக்கோணத்துக்குப் போய்வந்த டிக்கெட்டைச் சட்டைப்பையிலேயே கசக்கினேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி. ஊர் நிறைந்துவிட்டது. தெருவெல்லாம் காவடி, மேளம், மொட்டைத் தலைகள். ஊரிலிருந்து எங்கள் சொந்தக்காரர்களும் வந்து இறங்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஆற்றுக்குப் போக வழியில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற கரும்பு டிரெய்லருக்குள் வெள்ளையை ஏற்றி அங்கேயே வைத்துக் கொடுத்தேன். பாதியில் அக்கா மாவிலைத் தோரணம் கட்டக் கூப்பிட்டாள். போய்விட்டு வந்து பார்த்தால் பிளாஸ்டிக் பை காலி, வெள்ளை இறங்கிக் குட்டிகளிடம் போயிருந்தது. எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பழக்கம் தெரிந்தவன் நான்தான். ஆனால் பசித்த நாய் ஒளித்துவைக்காது என்று நானாக ஒரு விஞ்ஞானம் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை. கூடத்தில் சாமி மூலையில் காவடி நின்றது. சாமந்தியும் அரளியும் சுற்றி, இரண்டு பக்கமும் மயில் தோகை. தரையில் உதிரிப்பூ குவிந்து கிடந்தது. குளித்துவிட்டு வந்த பாவா, ஈரத் தலையோடு, காவடிக்கு முன்னால் விழுந்து நெற்றியைத் தரையில் வைத்தார். சுற்றிலும் முப்பது பேராவது இருப்பார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். அங்கிருந்தே எறும்பு வரிசை தெரிந்தது. சுவரோரம் வந்து, பூக்குவியலுக்குள் நுழைந்தது. அது எங்கே போகிறது என்று என் கண் போவதற்குள் பாவாவின் கண் போய்விட்டது.

ஒரு சாமந்திச் சரத்துக்குக் கீழே, அவர் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில், கோழிக் கழுத்து.

அவர் அசையவில்லை. ரொம்ப நேரம் கும்பிடுவதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள். பிறகு தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும். இடது கையைப் பூவுக்குள் விட்டு, ஒரு பிடி பூவோடு சேர்த்து அதை அள்ளி, இடுப்பில் கட்டியிருந்த மஞ்சள் துண்டில் வைத்து முடிந்துகொண்டார். எழுந்தார். காவடியைத் தோளில் வாங்கினார்.

"அரோகரா!" என்றார்கள் எல்லோரும்.

"அரோகரா" என்றார் பாவா. குரல் உடைந்திருந்தது. பக்தி என்றார்கள்.

நான் பின்னாலேயே போனேன். சரவணப் பொய்கைக்குப் போய், அங்கிருந்து படி ஏறினோம். என் வேலைக்காக எடுத்த காவடி அவர் தோளில், நான் வாங்கிவந்த கழுத்து அவர் இடுப்பில். படி முழுக்க எனக்கு முன்னால் அந்த முடிச்சு ஏறிக்கொண்டிருந்தது. எறிய அவருக்கு இடமில்லை. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், முன்னால் மேளம். மேலே சன்னிதிக்குப் பக்கத்தில் கூட்டம் எங்களைப் பிரித்தது. இறங்கும்போது அவர் இடுப்பில் துண்டு இருந்தது, முடிச்சு இல்லை. எங்கே போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாடெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, பின்பக்கம் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"மேல முருகன்கிட்ட இன்னா கேட்டேன் தெரியுமா? அவனுக்கு வேலை குடுப்பா, அவன் நல்லாயிருக்கட்டும்னு கேக்கல. அவன் என் வீட்டை விட்டுப் போவட்டும்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அக்கா வழியாகத்தான் எல்லாம். மூன்றடி தூரத்தில் நான் உட்கார்ந்திருக்க, "உன் தம்பிய மோட்டார் போடச் சொல்லு" என்பார். அக்காவிடம் அவர் கழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் தன் பங்குக்கு, நான் விரதத்தில் நாய்க்காகச் சண்டை போட்டதால்தான் அவருக்குக் கோபம் என்று நினைத்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்காரர் வந்து குட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். சயின்ஸ் வாத்தியார் உண்மையிலேயே போய்விட்டிருந்தார். அவர் வீட்டு முன்கூடத்தில் நின்றேன். சான்றிதழ் கவரை நீட்டினேன். வாங்கிப் பிரிக்காமலே மேஜைமேல் வைத்தார்.

"திங்கக்கிழமை வந்துடு. அப்பறம், இந்தக் குட்டிக்கு ஏதோ பச்சையா கலந்து வைப்பியாமே? எங்க வீட்டுல யாரும் அதைத் தொட மாட்டாங்க. ஸ்கூலுக்கு வரதுக்கு முன்னாடி காலையில இங்க வந்து செஞ்சு வச்சுட்டுப் போயிடு. உனக்குத்தான் பழக்கம்."

குட்டி என்னிடம் ஓடிவந்து விரலை நக்கியது. என் விரலில் இருந்து அந்த வாடை சோப்பு போட்டாலும் போவதில்லை. அதுவரை நான் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அதெல்லாம் பெரிய நாய்க்குதாங்க. இதுக்குத் தயிர்சாதம் போதும். கொஞ்சம் சர்க்கரை போட்டாக்கூட நல்லா துன்னும்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, பாவா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் காதில் விழும்படியாகவே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் வேலை கிடைத்தது என்றதும் அக்கா அழுதாள். தயிர்சாதத்தைச் சொன்னதும் பாவாவின் கை இலையில் நின்றது. ஐம்பது, ஐம்பத்திரண்டு நாள் கழித்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"முடி கொட்டி அந்தக் குட்டி சொறி பிடிச்சு நிக்கும் மூணு மாசத்துல. அன்னிக்கு உன்னை வெளியில தள்ளுவான் அந்தாளு. திரும்பி எங்க வருவ? இங்கதான வருவ?" ஒரு உருண்டை வாயில் போட்டார். "நான் அதை இடுப்புல கட்டிகினு மலை ஏறினது, நீ திரும்பி வரதுக்கு இல்லடா."

திங்கட்கிழமை காலை வீட்டு நாய்களுக்கு வைத்துவிட்டு, என் கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டேன். பாய் கடையில் சுவரொட்டி வாங்கினேன். "மறுபடியுமா?" என்று பாய் சிரித்தார். சலவைச் சட்டை, கையில் பை, பைக்குள் ஹாஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வாங்கிய புதுப் பேனா, அதற்குக் கீழே பொட்டலம். அந்தக் குட்டியின் மேல் இரக்கப்பட்டுத்தான் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இரக்கம் இல்லை. வேலைக்காகப் போனேன்.

"அன்னிக்கு வேற மாதிரி சொன்ன?" என்றார் பள்ளிக்கூடத்துக்காரர், அவர் வீட்டு வாசலில்.

"தப்பா சொல்லிட்டேங்க" என்றேன். பின்பக்கம் துவைக்கிற கல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன்.